கைத்துப்பாக்கியின் குறிமுள்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் போரை எழுதுவர், வென்றவனை எழுதுவர், அவன் ஏந்திய படைக்கலத்தின் பெயரையும் சிலர் குறித்து வைப்பர். அப்படைக்கலத்தின் ஓர் உறுப்பு தேய்ந்தபோது அதனைச் செப்பனிட்ட கையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அப்படைக்கலத்தின் முன்னே நின்ற மனிதனைப் பற்றியும் போதிய அளவில் எழுதப்படவில்லை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே உணர்த்தக்க சிறு பொருள் ஒன்று உண்டு. கைத்துப்பாக்கிக் குழலின் நுனியில் நெல்மணி அளவே நிற்கும் குறிமுள்தான் அது.

குறிபார்த்துச் சுடுபவன் இரண்டு உறுப்புகளை நோக்குகின்றான். ஒன்று, குழலின் நுனியில் நிமிர்ந்து நிற்கும் முள். மற்றொன்று, பின்புறம் கண்ணுக்கு அருகில் உள்ள பிளவு. முன்னதைக் குறிமுள் என்றும் பின்னதைக் குறிப்பிளவு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவை தேய்வது ஏன், மங்குவது ஏன், இவற்றை வீட்டளவில் மக்கள் எவ்வாறு செப்பனிட்டனர், அச்சிறு தொழில் சட்டத்தின் பார்வைக்குள் எவ்வாறு வந்தது, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழர் இக்குறிமுள்ளை எப்பக்கத்திலிருந்து கண்டனர் என்பனவற்றை முறையே நோக்குவோம்.

சொல் வரலாறு

தமிழாசிரியர்க்குச் சொல்லிலிருந்து தொடங்குதல் இயல்பு. 'குறி' என்னும் சொல் நம் மொழியில் மிகப் பழையது. அடையாளம், இலக்கு, நோக்கம் எனப் பல பொருள் அதற்குண்டு. அகப்பொருள் இலக்கணம் கற்றோர் பகற்குறி, இரவுக்குறி என்பனவற்றை அறிவர். தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் வில்லாளன் குறிக்கும் பின்னர்த் துப்பாக்கியாளன் குறிக்கும் பொதுவாயிற்று.

'துப்பாக்கி' என்பதோ வந்த சொல். துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய பெயர் உருதுவின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது. ஈழத் தமிழர் துவக்கு என்பர். மலாய் மொழியில் 'செனாப்பாங்' என்பது டச்சுக்காரர் தந்த சொல். அம்மொழியின் 'பெடில்' என்னும் பழஞ்சொல், நம் 'வெடி' என்னும் சொல்லோடு உறவுடையது எனக் கூறும் அறிஞரும் உளர். குறிமுள்ளை மலாய்க்காரர் 'பெஜேரா' என்பர். இவ்வாறு ஒரே கருவியின் பெயர்களில் துருக்கியும் பாரசீகமும் டச்சும் கலந்து கிடத்தலை நோக்கின், கடல்வழி வணிகமும் கடல்வழிப் போரும் இப்பகுதியை எவ்வளவு பிணைத்திருந்தன என்பது புலனாகும்.

குறியின் தோற்றம்

1511இல் அல்புகெர்க்கின் தலைமையில் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது, அந்நகரில் பெருந்தொகையான பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் கண்டனர் என அவர்தம் குறிப்புகளே கூறுகின்றன. துப்பாக்கி ஐரோப்பியரோடு முதன்முதலாக இங்கு வந்தது என்னும் எண்ணம் பிழையானது என்பதற்கு இது சான்று. பின்னர்த் தீவுக்கூட்டத்தில் பரவிய திரித்துப்பாக்கிக்கு 'இஸ்திங்கார்' எனப் பெயர். இப்பெயர் 'எஸ்பிங்கார்டா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. அத்துப்பாக்கியில் முன்னே முள்ளும் பின்னே பிளவும் இருந்தன. சுமத்ராவின் மினாங்கபாவ் கம்மியர் அவற்றைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தனர்.

வியப்பு யாதெனில், அதற்குப் பின்னர் வந்த ஐரோப்பியப் படைத்துப்பாக்கிகள் பலவற்றில் குறிகள் மேலும் எளியனவாக இருந்தமையே. 'பிரௌன் பெஸ்' என வழங்கிய ஆங்கிலேயத் துப்பாக்கியில் பின்குறியே இல்லை. துப்பாக்கிக் கத்தியைப் பொருத்துதற்கு அமைந்த சிறு புடைப்பே குறிமுள்ளாகவும் பயன்பட்டது. அணிவகுத்து நின்று ஒருசேரச் சுடும் போர்முறையில் தனிமனிதன் குறிபார்த்தல் பெரிதாகக் கருதப்படவில்லை.

கிள்ளான் நகரில் இன்றும் நிற்கும் ராஜா மகாடி கோட்டையின் வாயில், 1867இல் தொடங்கி 1874வரை நடந்த சிலாங்கூர்ப் போரை நினைவூட்டுவது. ராஜா அப்துல்லா, ராஜா மகாடி, தெங்கு கூடின், யாப் ஆ லோய் ஆகியோர் பெயர்களை மாணவர் பாடநூலில் படித்திருப்பர். ஈயத்தின் வருவாய்க்காக நடந்த அப்போரில் கோலாலம்பூர் கைமாறிக் கைமாறி எரிந்தது. அப்போரின் காலத்தில் உலகெங்கும் துப்பாக்கித் தொழில் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் செய்த சுழல் துப்பாக்கிகள் பரவியிருந்தன. 1851இல் வெளிவந்த அவருடைய வகையில் குழல் நுனியில் பித்தளை மணி ஒன்று குறிமுள்ளாக நின்றது. பின்குறியோ அடிக்கும் சுத்தியலின் தலையில் வெட்டிய சிறு பள்ளம். சுத்தியலைப் பின்னிழுத்தால்தான் அப்பள்ளம் கண்ணுக்குத் தெரியும். பின்னர் ஆங்கிலேய அதிகாரிகள் இடுப்பில் அணிந்த வெப்ளி சுழல் துப்பாக்கியில் குறிமுள் மெல்லிய தகடுபோல நின்றது. குறிப்பிளவு, குழலைப் பூட்டும் கொக்கியின் மேல் அமைந்தது. கைத்துப்பாக்கியின் குறிகள் இவ்வாறு வேறோர் உறுப்பின் முதுகில் ஏறியே வளர்ந்தன.

தேய்வும் மங்கலும்

இச்சிறு உறுப்புகள் ஏன் தேய்கின்றன? முதற்காரணம் தோலுறை. ஒவ்வொரு நாளும் உறையினின்று எடுத்தலும் மீண்டும் செருகுதலுமாக இருக்கும் துப்பாக்கியில், முதலில் உராய்வது குறிமுள்ளே. இரும்பின்மேல் ஏற்றிய நீலக்கருமை நாளடைவில் அகன்று வெள்ளிபோல் பளபளக்கும். அப்பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும். வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தால் முள்ளின் இடப்பக்கம் மட்டும் ஒளிரும், கண் அவ்வொளியையே முள் எனக் கொள்ளும், குறி விலகும். இரண்டாவது காரணம் இந்நாட்டின் தட்பவெப்பம். ஆண்டு முழுவதும் ஈரம் மிகுந்த காற்றில், ஒரு விரல்தடம் பட்ட இரும்பும் துருப்பிடிக்கும். துருவைத் தேய்த்துத் தேய்த்தே முள் குறுகிவிடும்.

முள் குறுகின் விளைவு யாது? இங்கு எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். கைத்துப்பாக்கியில் முள்ளுக்கும் பிளவுக்கும் இடையே உள்ள தொலைவு 15 செ.மீ. எனக் கொள்வோம். முள் அரை மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது. அதன் தலையைப் பழையபடி பிளவின் மட்டத்துக்குக் கொண்டுவர, சுடுபவன் தன்னையறியாமல் குழலின் நுனியைச் சற்று உயர்த்துவான். 25 மீட்டர் தொலைவில் அவ்வரை மில்லிமீட்டர் 8 செ.மீ.க்கு மேல் வளர்ந்து நிற்கும். குண்டு இலக்கின் மேலே செல்லும். முள் தேய்ந்து தாழ்ந்தால் குண்டு உயரும் என்பது மாணவர்க்கு முதலில் முரணாகத் தோன்றும். வடிவொத்த முக்கோணங்களை வரைந்து காட்டின் தெளிவர். நீள்துப்பாக்கியில் இவ்விடைத் தொலைவு மிகுதியாதலால் பிழை குறையும். கைத்துப்பாக்கியில் சிறு தேய்வும் பெரும் பிழையாவது இதனாலேயே.

மூன்றாவது காரணம் துப்பாக்கியில் இல்லை, கண்ணில் உள்ளது. பிளவு அருகில், முள் சற்றுத் தொலைவில், இலக்கு மிகத் தொலைவில் என மூன்று இடங்களில் மூன்று பொருள்கள். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒன்றையே தெளிவாகக் காணும். முள்ளைத் தெளிவாகக் காண்க. இலக்கு மங்கினும் குற்றமில்லை என்பதே பயிற்சியாளர் சொல்லும் முதற்பாடம். நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்க்கு அம்முள்ளே மங்கத் தொடங்கும். முள்ளில் நிறம் பூசும் வழக்கம் பெருகியமைக்கு முதுமையும் ஒரு காரணம்.

வீட்டுப் பட்டறை

குறிகளைச் செப்பனிடும் முறைகளுள் மிகப் பழையது புகையூட்டல். பளபளக்கும் முள்ளைச் சுடரின் புகையில் காட்டினால், ஒளியை விழுங்கும் மெல்லிய கரிப்படலம் அதன்மேல் படியும். இலக்குப் போட்டிகளில் சுடுவோர் இதற்குக் கார்பைடு விளக்கைப் பயன்படுத்தினர். கற்பூரத்தைக் கொளுத்தி அப்புகையைப் படியவிட்டோரும் உளர். விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை கூட்டிய நம் பாட்டிமார்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. கண்ணுக்கு எழுதும் மையும் கண் நோக்கும் முள்ளுக்கு ஏற்றும் மையும் ஒரே வகைக் கரியாதலை எண்ணுக.

கார்பைடு விளக்கு என்றவுடன் இந்நாட்டுத் தோட்டப்புறத்தில் பிறந்தவர்க்கு வேறொரு காட்சி தோன்றும். விடியுமுன் இருளில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிய ஆண்களும் பெண்களும் அவ்விளக்கின் துணையையே நம்பினர். பட்டையை ஆழ வெட்டினால் மரம் கெடும். மேலாக வெட்டினால் பால் வராது. மில்லிமீட்டரின் அளவறிந்து வெட்டும் கண்ணும் கையும் அவர்களுக்கு வாய்த்திருந்தன. துப்பாக்கியாளனின் முள்ளைக் கருக்கிய அதே சுடர், பால்வெட்டுத் தொழிலாளியின் கத்திக்கு வழிகாட்டியது. முன்னவன் திறமையைக் குறிபார்த்தல் எனப் போற்றிய உலகம், பின்னவர் திறமைக்குப் பெயர் வைக்கவில்லை.

இரண்டாவது முறை நிறம் பூசுதல். இருண்ட இடத்தில் கரிய முள் தெரியாது. ஆகவே அதில் வெள்ளையோ செம்மஞ்சளோ பூசுவர். வீட்டில் இதனைச் செய்வோர் கையாளும் ஒழுங்கு எளியது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்தல் முதற்கடமை. பழைய பூச்சை மூங்கிற் குச்சியால் சுரண்டி நீக்குவர். இரும்பு ஊசி கீறல் விழச்செய்யும். பின்னர் ஆல்கஹால் தோய்ந்த துணியால் எண்ணெய்ப் பசையை முற்றும் துடைப்பர். பசை எஞ்சினால் பூச்சு சில நாளில் உரியும். முதலில் வெள்ளைப் பூச்சு. அது உலர்ந்தபின் அதன்மேல் வண்ணம். நம் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவோர் முதலில் வெள்ளையடிப்பதும் இக்காரணம் பற்றியே. கருமையின்மேல் நேரே இட்ட நிறம் எடுப்பாகத் தோன்றாது. தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய பூச்சுகள் இரண்டு மூன்று சிறந்தவை. எனாமல் பூச்சு கிடைக்காத இடத்தில் பெண்களின் நகப்பூச்சே பலர்க்குக் கைகொடுத்தது.

இருளிலும் ஒளிர வேண்டும் என்னும் விருப்பம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. கடிகார முட்களுக்குப் பூசிய ரேடியம் துப்பாக்கிக் குறிகளுக்கும் பயன்பட்டது. அதன் தீமையை உலகம் உணர்ந்தபின், டிரிட்டியம் என்னும் வளிமம் அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய்கள் வந்தன. டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள், அதற்குள் அதன் ஒளியும் பாதியாகிவிடும். இதனை வீட்டில் தொடுதல் கூடாது. குழாய் உடைந்தால் தீங்கு நேரும்.

மூன்றாவது முறை அரம் பிடித்தல். வளைந்த முள்ளை நிமிர்த்துதல், தேய்ந்ததைக் கழற்றிப் புதியது பொருத்துதல், குறிப்பிளவைத் தட்டி இடவலமாக நகர்த்துதல் ஆகியன இதில் அடங்கும். இங்கே வீட்டு வேலை முடிந்து கம்மியன் வேலை தொடங்குகின்றது. குண்டு வலப்பக்கம் செல்ல வேண்டுமாயின் பிளவை வலப்பக்கம் தட்ட வேண்டும். முள்ளாயின் இடப்பக்கம் தட்ட வேண்டும். மேலும், அரத்தால் எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க இயலாது. தேர்ந்த கம்மியன் அதனால்தான் ஒவ்வொரு தேய்ப்புக்கும் பின்னர்ச் சுட்டுப் பார்த்தே அடுத்த தேய்ப்பைத் தொடங்குவான்.

சட்டத்தின் பார்வை

வண்டிச் சக்கரத்தையும் கலப்பையையும் செப்பனிடுபவனைச் சட்டம் தேடி வருவதில்லை. துப்பாக்கியைச் செப்பனிடுபவனைத் தேடி வந்தது. இதன் வேர் தமிழகத்திலேயே உண்டு. பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்து அறிக்கை வெளியிட்டார். 1878இல் லிட்டன் பிரபு காலத்து இந்திய ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமமுறையைக் கொணர்ந்தது. ஐரோப்பியர்க்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. ஆக, ரப்பர்த் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைக்கும் ஆள் திரட்டப்பட்ட காலத்தில் கடல் கடந்து வந்த தமிழர், முன்பே படைக்கலம் பறிக்கப்பட்ட நாட்டினின்று வந்தவராவர்.

அவர்கள் இங்கே கைத்தொழில் அறியாதவராக வாழவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. செந்தூலில் இருப்புப்பாதையின் பெரும் பட்டறை இயங்கியது. அரமும் பிடிகுறடும் சம்மட்டியும் பழகிய தமிழ்க் கைகள் அங்கே நீராவி எந்திரங்களின் பழுதை நீக்கின. நீராவி எந்திரத்தின் அடைப்பிதழைப் பிழையின்றித் தேய்த்துப் பொருத்தும் கைக்குக் குறிமுள் பெரிய வேலையன்று. ஆயினும் துப்பாக்கி அவர்கள் கைக்குரிய பொருளாக இருக்கவில்லை. அது துரையின் இடுப்பிலும் காவலரின் உறையிலும் இருந்தது.

குறிமுள்ளின் முன்னும் பின்னும்

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் நம் வரலாற்றில் தலையாயது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே அவர்களை ஒன்று திரட்டினார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுள் சில. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர். அவர்கள் கேட்டது சில காசு கூலியும் மிதிவண்டியில் அமர்ந்து செல்லும் மதிப்புமே. குறிமுள்ளை அவர்கள் கண்டது அதன் முன்பக்கத்திலிருந்து.

ஈராண்டுகளில் காட்சி மாறியது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். பால்மரத் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணி படையில் பயிற்சி பெற்றனர். கோலாலம்பூரில் பிறந்து, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்ட இளம்பெண், அப்படையில் தலைவி இலட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். நெற்றி விளக்கோடு பட்டையை நோக்கிய கண்கள் முதன்முறையாகக் குறிமுள்ளைப் பின்பக்கத்திலிருந்து நோக்கின. அப்படை போரில் வென்றதா என்பது வேறு வினா. தலைநிமிர்வு பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பியோர் பழைய கூலிகளாகத் திரும்பவில்லை என்பதைப் போருக்குப் பிந்திய தொழிற்சங்க எழுச்சி காட்டும்.

போர் முடிந்தபோது நாடெங்கும் துப்பாக்கிகள் சிதறிக் கிடந்தன. சப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மக்கள் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டது. படைக்கலத்தை ஒப்படைத்தோர்க்கு 350 வெள்ளி தரப்பட்டது. ஒப்படைக்கப்படாத பல, காட்டு மண்ணில் புதைந்தன. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. புதைந்த துப்பாக்கிகள் வெளிவந்தன; காட்டினுள்ளே அமைத்த பட்டறைகளில் துரு நீக்கப்பட்டு மீண்டும் இயங்கின. தோட்டத் துரைமார் கைத்துப்பாக்கியின்றி வெளியே செல்லாத காலம் அது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலுக்கு அவசரகால விதிகள் வகுத்த தண்டனை மரணம்.

இச்சூழலில்தான் எஸ்.ஏ. கணபதியின் வரலாறு நிகழ்ந்தது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையிலேயே மலாயா வந்த கணபதி, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் அச்சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சு மாதத்தில் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தின் அருகே அவர் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு குண்டுகளும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் உயிரைக் காக்க இந்தியாவிலிருந்து எழுந்த முயற்சிகளும் பயன் தரவில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப்பின் தலைமைப் பொறுப்பேற்ற வீரசேனன் அதற்கு முந்திய நாள் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. 1911இல் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது புகைவண்டிப் பெட்டியின் மிக அருகிலிருந்து. அவ்வளவு அருகில் குறிமுள்ளுக்கு வேலையில்லை. கணபதியின் வழக்கில் துப்பாக்கி சுடப்படவே இல்லை. அங்கும் குறிமுள் எவரையும் நோக்கவில்லை. துப்பாக்கியை வைத்திருந்தமையே அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. அது கூர்மையாகக் குறிபார்த்ததா, தேய்ந்து கிடந்ததா, சுட வல்லதா என்னும் வினாக்களால் அவர் முடிவு மாறியிருக்காது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை இழந்த இழப்போ தோட்டங்களில் நெடுங்காலம் உணரப்பட்டது.

விடுதலைக்குப் பின்

1957இல் நாடு விடுதலை பெற்றது. 1960இல் அவசரகாலம் நீங்கியது. அவ்வாண்டிலேயே வந்த ஆயுதச் சட்டம், துப்பாக்கி வைத்திருத்தல், விற்றல், செய்தல், பழுதுபார்த்தல் ஆகிய அனைத்தையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. போலித் துப்பாக்கியையும் அது விட்டுவைக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது; பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்தோர்க்கு அச்சட்டம் கட்டாய மரண தண்டனை விதித்தது. 1971இல் கூடுதல் தண்டனைச் சட்டம் தொடர்ந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023இல் கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டு, நீதிபதி வேறு தண்டனை விதிக்கவும் வழி பிறந்தது. கணபதி தூக்கிலிடப்பட்டு 74 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கடுமையான சட்டத்தால் விளைந்த நன்மையையும் மறைத்தல் ஆகாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி பெருகிய நாடுகளில் பள்ளிப்பிள்ளைகள் சுடப்பட்டு மடிவதைச் செய்தித்தாளில் காண்கின்றோம். இந்நாட்டில் அந்நிலை இல்லாமைக்கு உரிமமுறை ஒரு முதற்காரணம். இன்று உரிமம் பெற்ற ஒருவர் தம் துப்பாக்கியின் குறியைத் தூய்மை செய்தல் சிறு செயல். ஆயினும் அரத்தைக் கையிலெடுக்கும் நிலை வரின், உரிமம் பெற்ற பழுதுபார்ப்போரை நாடுவதே முறை. குறிமுள்ளைக் கருக்கும் பழைய கலை இன்று விளையாட்டு அரங்கில் மதிப்போடு வாழ்கின்றது. 2017ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கிப் போட்டிகள் சுபாங் அரங்கில் நடந்தன. பத்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் உச்சப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ. மட்டுமே, ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது.

முடிவுரை

கோலாலம்பூரில் உள்ள காவல்துறை அருங்காட்சியகத்தில் அவசரகாலத்துத் துப்பாக்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், துப்பாக்கியின் பெயரையும் நாட்டையும் எழுதிக்கொள்ளச் சொல்வதோடு அமையாது, குறிமுள்ளை உற்று நோக்கச் சொல்வாராக. கருமை எங்கே அகன்றுள்ளது? முள் எப்பக்கம் சாய்ந்துள்ளது? எவரோ அரத்தால் தேய்த்த கோடுகள் தெரிகின்றனவா? அக்கோடுகள் பெயரறியாக் கம்மியர் விட்டுச்சென்ற எழுத்துகள்.

அடுத்து, கண்ணாடிப் பேழையின் மறுபுறம் சென்று, குழலின் முன்னே நின்று பார்க்கச் சொல்வாராக. 1941இல் கிள்ளானில் வீழ்ந்த ஐவரும் அப்பக்கத்தில் நின்றவர்கள். புடு சிறையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று பேரங்காடி எழுந்துவிட்டது. பழைய வாயில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அவ்வழியே கடைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கணபதி என்னும் பெயரைக் கேட்டிருப்பர்? அப்பெயரை வகுப்பறையில் ஒருமுறையேனும் சொல்லுதல் தமிழாசிரியர் கடனாகும்.